சொறிமீனை வரைந்த நாள்

கடற்கரை ஒன்றில் சொறிமீன் எச்சரிக்கைப் பலகை பார்த்தேன். பெட்டி மாதிரி ஓர் உடம்பு, கீழே தொங்கும் நூல்கள். கறுப்பு மையில் தடிப்பாகப் போட்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் இன்னொரு விதம். நீல வெளிச்சத்தில் கண்ணாடி விளக்கு மாதிரி மிதக்க விட்டார்கள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டிலும் அது தெரிந்தது. தண்ணீரில் அது தெரியாது.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் தேயிலை மலையில், அதை வரையச் சொன்னார்கள். சரியாக வரையாவிட்டால் என் மச்சான் சயாமுக்குப் போக வேண்டும். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கும்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டம் ஜப்பான்காரன் கைக்கு வந்தது. கொழுந்து பறிப்பது பாதி நின்றது. செடியெல்லாம் மரமாக வளர்ந்தது. சரிவில் மரவள்ளியும் முட்டைக்கோசும் போட்டோம். நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். மண்வெட்டி பிடித்தேன். அரிசி போனது, துணி போனது, பொறுத்துக்கொண்டோம். உப்பு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. உப்பில்லாத மரவள்ளி வாயில் சோப்பு மாதிரி வழுக்கும். என் அக்கா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. வேறொன்றும் கேட்கவில்லை. உப்பு மட்டும் கேட்டாள்.

முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு ஒரு லோரி மலையை விட்டு இறங்கி, தாப்பா வழியாகக் கடற்கரைப் பக்கம் போகும். மூட்டை இறக்க இரண்டு ஆள் போகலாம், இருந்து உப்புக் காய்ச்சிக்கொண்டு அடுத்த லோரியில் வரலாம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அக்கா புருஷன் உடனே கை தூக்கினார். கப்பலில் வந்த ஆள், கடல் தெரியும் என்றார். நானும் கை தூக்கினேன். எனக்குக் கடல் தெரியாது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கரி போட்டு ஓட்டும் லோரி அது. வளைவுக்கு வளைவு புகையைக் கக்கிக்கொண்டு இறங்கியது. கீழே போகப் போகச் சட்டையைக் கழற்றினோம். மறுநாள் ஒரு நாற்றம் வந்தது. கருவாடும் சேறும் கலந்த நாற்றம்.

"கடல் வருது மாப்ள. மூக்கத் திற" என்றார் மச்சான்.

மலையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு மலை நின்று தடுக்கும். அங்கே தடுக்க ஒன்றுமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. மச்சானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கப்பலில் பார்த்தீர்களே என்று கேட்டேன்.

"எங்க பாத்தேன். அடித்தட்டுல படுத்து வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன்லா" என்றார்.

மீன் பிடிக்கிற மலாய்க்காரர் ஒருவர் எங்களுக்கு இடம் கொடுத்தார். பாதியாக அறுத்த பீப்பாயும் கொடுத்தார். நாங்கள் விறகு வெட்டிக் கொடுக்க வேண்டும், உப்பில் அவருக்கும் ஒரு பங்கு. கடல் தண்ணீரைச் சுமந்து ஊற்றி, சதுப்பு மரத்து விறகில் காய்ச்சினோம். தண்ணீர் வற்றி, பீப்பாயின் ஓரத்தில் முதல் உப்பு கட்டியபோது நானும் மச்சானும் விரலை விட்டு நக்கினோம். நாக்கு சுட்டது. மறுபடியும் நக்கினோம்.

ஆனால் உப்பு பழுப்பாக இருந்தது. கரையோரத் தண்ணீர் சேற்றுத் தண்ணீர். மச்சானுக்கு அக்காவுக்கு வெள்ளை உப்பு கொண்டுபோக ஆசை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழைக்குப் பிறகு வலைக்கம்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கே கொட்டுகிறது ஒன்று இருக்கிறது என்று மலாய்க்காரர் சொல்லியிருந்தார். மச்சான் தண்ணீரை நன்றாகப் பார்த்தார். தெளிந்து கிடந்தது. ஒன்றுமில்லை. வாளியோடு கம்புகளைத் தாண்டி இறங்கினார்.

முதலில் அவர் கத்தவில்லை. அசையாமல் நின்றார். வாளி மிதந்து போனது. அப்புறம் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பின. நான் ஓடி இறங்கி, அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடி நூல் மாதிரி. துடைக்கப் போன என் கையை மலாய்க்காரர் தட்டிவிட்டார். நிப்பா பனைக் கள்ளைப் புளிக்கவைத்த காடி அவர் குடிசையில் இருந்தது. சாடியோடு கொண்டுவந்து காலில் ஊற்றினார். மச்சான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். பொழுது சாய்கிற வரை பிழைப்பாரா என்று தெரியவில்லை. பிழைத்தார்.

அதற்கு நடுவில் மலாய்க்காரர் படகுத் தண்ணீர் இறைக்கிற மட்டையோடு இறங்கிப் போய், எதையோ அள்ளிக்கொண்டு வந்து வெள்ளை எனாமல் மங்குக் கிண்ணத்தில் ஊற்றினார். இதுதான் அது என்றார். நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. அவர் கிண்ணத்தை வெயிலுக்குத் திருப்பி வைத்தார்.

அடியில் நிழல் விழுந்தது.

நான்கு மூலை உள்ள ஒரு நிழல். மூலைக்கு மூலை தொங்கும் நூல்களின் நிழல். அது சுருங்கியது, விரிந்தது. நிழலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்த பிறகுதான் உடம்பு இருக்கிற இடம் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினால் மறுபடியும் காணோம். மச்சான் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

இரண்டு மூட்டை உப்போடு மலை ஏறினோம். மச்சான் நொண்டினார், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து வாசலில் மூட்டையைப் பிரித்தபோது பெண்கள் உள்ளங்கையில் வாங்கி அப்படியே நக்கினார்கள். அன்று எல்லா வீட்டிலும் ரசம். திருவிழா மாதிரி இருந்தது. அக்கா மூன்று முறை வாங்கிக் குடித்தாள்.

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் மச்சான் காலைப் பார்க்க வேண்டும். கால் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரிகள். உற்றுப் பார்த்தால் வரிக்குள் குறுக்கே சின்னச் சின்னக் கோடு, ஏணிப்படி மாதிரி. எந்த மீன், எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மச்சானுக்குப் பார்க்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கரித்துண்டை எடுத்து லயத்துச் சுண்ணாம்புச் சுவரில் வரைந்தார். முதல் நாள் தலைமயிர் வைத்த மீன். அடுத்த நாள் பல் முளைத்தது. அந்த வாரம் முடிவதற்குள் அது ஏழு தலைப் பாம்பாகிவிட்டது. மற்ற லயங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நான் பார்த்த நிழலைப் பற்றிச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஏழு தலை நன்றாக இருந்தது.

கங்காணி மட்டும் நம்பவில்லை.

"மீனு கடிச்சா பல்லுதானே பதியும்? கோடு கோடா எப்படிய்யா பதியும்? இது பிரம்படி" என்றார் எல்லார் முன்னாலும்.

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் பிரம்படித் தழும்பு கேலி இல்லை. கீழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களை அள்ளிப் போயிருந்தார்கள். தப்பி ஓடி வந்தவர்கள் காட்டு வழியாக வந்து தோட்டங்களில் ஒளிந்தார்கள். காலிலும் முதுகிலும் இருக்கிற அடியை வைத்து அவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

கேலி ஜப்பான் சிப்பாய்கள் இருந்த தானா ராத்தா ஊர் வரை போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. ஒரு காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நாங்கள் நிற்கும்போது சிப்பாய்கள் வந்தார்கள். ஒரு அதிகாரி முன்னால் நின்றார். ஆண்கள் எல்லாரும் சிலுவாரை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொன்னார்கள். மச்சான் முறை வந்தது. அதிகாரி குச்சியால் அந்த வரியைத் தொட்டார்.

கிராணி மலாயில் எடுத்துச் சொன்னார். அந்த அதிகாரிக்கு மலாய் தெரியும். இவன் எங்கள் ஆள், உப்புக்குப் போனான், கடலில் ஒன்று கொட்டியது, கூடப் போன ஆளும் இருக்கிறான் என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அப்புறம் ஒரு காரியம் சொன்னார். இரண்டு பேரும் தனித்தனியாக அதை மண்ணில் வரைய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பொய். அப்படியானால் மச்சான் சயாமிலிருந்து ஓடி வந்தவன், திருப்பி அனுப்புவார்கள்.

என்னைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மச்சான் களத்திலேயே நின்றார். கையில் ஆளுக்கொரு குச்சி.

மச்சான் எதை வரைவார்? ஒரு வாரமாக வரைகிறதைத்தான் வரைவார். அப்படியானால் நானும் ஏழு தலை வரைய வேண்டும். குனிந்து ஒரு தலை போட்டேன். இரண்டாவது தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நினைவு வரவில்லை. நாக்கு வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததா? தினமும் பார்த்த படம்தான். ஒன்றும் வரவில்லை. நான் பார்த்த நிழல் மட்டும் அச்சு மாதிரி கண்ணில் நின்றது. காலால் அந்தத் தலையை அழித்தேன். நான்கு மூலை போட்டேன். மூலைக்கு மூலை நூல் போட்டேன். கண் வைக்கவில்லை, வாய் வைக்கவில்லை. முடிந்தது என்று எழுந்தேன்.

எனக்குக் காவல் நின்ற சிப்பாய் வயசாளி. சமையல்காரன் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் படத்தின் மேல் குனிந்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நான் போட்ட நூல்களை இழுத்தான். நீளமாக, இன்னும் நீளமாக, கொட்டகைச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனான். என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். நீளம் பத்தவில்லை என்று சொல்கிறான் என்று புரிந்தது. அவனுக்கு அது தெரியும். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

என்னை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினான். மச்சான் காலடியில் பார்த்தேன்.

வெறும் மண். ஒரு கோடுகூட இல்லை.

அதிகாரி கத்திக்கொண்டிருந்தார். கிராணியின் முகம் வெளுத்திருந்தது. மச்சான் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் பாக்கல துவான். தண்ணியில ஒண்ணுமே இல்ல. அதனாலதான் எறங்குனேன்."

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி கையை ஓங்கினார். அப்போது அந்தச் சமையல்காரச் சிப்பாய் விறைப்பாக நின்று வணங்கி ஏதோ பேச ஆரம்பித்தான். வேகமாகப் பேசினான். வார்த்தை ஒன்றும் எனக்குத் தெரியாது, கை பேசியது புரிந்தது. நீந்திக் காட்டினான். குனிந்து தண்ணீரைப் பார்க்கிற மாதிரி பார்த்து, இரண்டு கையையும் விரித்து, ஒன்றும் இல்லை என்று காட்டினான். அப்புறம் மச்சான் கால் பக்கத்தில் மண்டி போட்டு, வரிக்குள் இருந்த ஏணிப்படிகளைக் குச்சி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டான். பிரம்பு அப்படிப் படி போடாது. அவன் கடல் தீவுக்காரன், அங்கே இது உண்டு, பட்டவன் எவனும் இதைப் பார்த்ததில்லை, பார்த்தேன் என்று சொல்பவன்தான் பொய்க்காரன் என்று அவன் சொன்னானாம். அதிகாரி மலாயில் சொன்னதைக் கேட்டுக் கிராணி எங்களுக்குச் சொன்னார்.

அதிகாரி கொட்டகைக்குப் பின்னால் போய் என் படத்தைப் பார்த்தார். திரும்பி வந்து வெறும் மண்ணைப் பார்த்தார். போ என்று கையை வீசினார்.

நாங்கள் நடந்தோம். ஓடக்கூடாது என்று கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். லயத்துத் திருப்பம் தாண்டியதும் ஓடினோம். மச்சான் நொண்டிக்கொண்டே எனக்கு முன்னால் ஓடினார். ஏன் ஏழு தலையை வரையவில்லை என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"நீ பொய்யி வரைய மாட்ட, எனக்குத் தெரியும். நீ பாத்தத நான் பாக்கல. எதையாவது கிறுக்கி வச்சு, அது உன் படத்தோட சண்டை போட்டா?" என்றார்.

நான் ஒரு தலை போட்டு அழித்ததை அவரிடம் சொல்லவில்லை.

லயத்தில் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி வாளியும் தேங்காய் நாரும் கிடந்தன. கை முழங்கை வரை கரி. சுவர் ஈரமாக இருந்தது. சிப்பாய்கள் களத்துக்கு ஏறுவதைப் பார்த்ததுமே ஏழு தலையையும் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். மச்சானைக் கண்டதும் எழ முடியாமல் எழுந்தாள். காலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"இனிமே கரியத் தொட்டுப் பாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் லயமே எங்கள் வாசலில் இருந்தது. கங்காணியும் வந்தார். முகத்தைக் காட்ட முடியாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். ரசம் கொதித்தது. மேல் லயத்துக்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சொறிமீன் பார்க்க வந்தார். எங்கே அந்தப் படம், அழிச்சிட்டீங்களா என்று கேட்டார்.

மச்சான் கழுவிய சுவரைக் காட்டினார்.

"அழிக்கலலா. இப்பத்தான் சரியா வரைஞ்சு வச்சிருக்கேன். நல்லாப் பாரு."

அந்த மனுஷன் பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, வெகுநேரம் தேடினார்.