திரையின் இடது மூலை

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளை டைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கை வைத்த நாற்காலி, அவ்வளவுதான் அலுவலகம். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு அவள் கம்ப்யூட்டர் வைத்தியர். யார் வீட்டு மெஷின் முரண்டு பிடித்தாலும் முதல் ஃபோன் அவளுக்குத்தான்.

"முதல்ல பிளக்கைப் பாருங்க. அப்புறம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அதுக்கும் மசியலைன்னா என்னைக் கூப்பிடுங்க" என்பாள்.

பாஸ்வேர்டு தப்பு, பாஸ்வேர்டு தப்பு என்று கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டு மாமாவிடம், கேப்ஸ் லாக்கை ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுச் சிரிக்காமல் இறங்கி வந்தவள் அவள். எல்லாருக்கும் ஒரே புத்திமதிதான் சொல்வாள்: "ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்தாதீங்க. ஒண்ணை மாத்துங்க, சரியாச்சான்னு பாருங்க, அப்புறம் அடுத்ததுக்குப் போங்க."

இப்படிப்பட்டவளுக்குத் தன் சொந்தக் கம்ப்யூட்டரே தண்ணி காட்டியது பெரிய அவமானமாக இருந்தது.

மவுஸின் அம்புக்குறி காணாமல் போனது. எப்போதும் அல்ல, அவ்வப்போது. திரையின் இடதுபக்கக் கீழ் மூலைக்குப் போனால் எங்கோ விழுந்து தொலைந்ததுபோல் இருக்கும். மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டினால் திடீரென்று நடுவில் வந்து நிற்கும். மவுஸைக் கழற்றித் துடைத்தாள். வேறு மவுஸ் வாங்கினாள். அமைப்புகளுக்குள் போய் அம்புக்குறியைப் பெரிதாக்கி, மஞ்சள் நிறம் கொடுத்து, நகரும்போது வால் விடும்படியும் செய்தாள். வால் தெரிந்தது. மூலைக்குப் போனதும் வாலும் சேர்ந்து மறைந்தது.

மானிட்டர் கேபிளை மாற்றினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். டிஸ்ப்ளே டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஒன்றும் ஒத்துவரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அச்சகக்காரர் ஃபோனில் எரிந்து விழுந்தார். "என்னம்மா இது? இடது பக்கம் பூரா பக்க நம்பர் மேல கோடு ஏறி உக்காந்திருக்கு. அச்சடிச்சு பைண்டிங்குக்கே போயிடுச்சு. பாக்கவே இல்லையா நீ?"

"மானிட்டர்ல ஏதோ கோளாறு சார். சரி பண்ணிட்டிருக்கேன்."

"சீக்கிரம் பண்ணு. எனக்கு வர்ற கெட்ட பேரை உன் மானிட்டரா வாங்கிக்கும்?"

அன்றே மெஷினை முழுதாக அழித்து எல்லா மென்பொருளையும் புதிதாக ஏற்றினாள். இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த எழுத்துருக்கள், குறுக்கு விசைகள், பக்க மாதிரிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்கினாள். கணவன் டீ கொண்டுவந்து இடது கைப்பக்கம் வைத்தான். அவள் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவன் பெயிண்ட் கடைக்காரன். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவன். கொஞ்ச நாளாக அவள் கதவில் இடித்துக்கொள்ளும்போதும் இதையேதான் கேட்டான்.

"அங்க ஏன் கொண்டுவந்து வைக்கிறீங்க?" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் துணி எடுத்துவந்து துடைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணி, இது ஆமை மாதிரி ஊருது. கொஞ்சம் பாருங்களேன்."

பிறத்தியார் மெஷின் என்றதும் அவளுக்குப் பழைய தெம்பு வந்தது. "ஆன் பண்ணும்போதே இத்தனை புரோகிராம் ஓடினா எப்படி வேகம் வரும்? தேவையில்லாததை நிறுத்து. டெஸ்க்டாப்பைப் பாரு, குப்பை கொட்டின மாதிரி. எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போடு." பேசிக்கொண்டே மவுஸை நகர்த்தியவள் நின்றாள். "உன்னோடதுலயும் அம்புக்குறி காணாம போகுதே?"

"எங்க காணோம்? இதோ இருக்கே அண்ணி."

"எங்க?"

"இதோ, கீழே. குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பக்கத்துல. என்ன அண்ணி, விளையாடறீங்களா?"

நாத்தனாரின் விரல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரலின் அடிப்பாகம் தெரிந்தது. நுனி தெரியவில்லை.

வேறு மவுஸ், வேறு கேபிள், இப்போது வேறு மெஷினே ஆகிவிட்டது. மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். திரையின் ஒரு மூலை மட்டுமல்ல, அதற்கு அந்தப் பக்கம் இருந்த நாத்தனாரின் முழங்கையும் இல்லை. கறுப்பாகக்கூட இல்லை. வெறுமனே இல்லை.

"அவரைக் கூப்பிடு" என்றாள்.

கண் மருத்துவமனையில் ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். புள்ளிகள் வந்தன. பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. வரவில்லையா, வந்தும் தனக்குத் தெரியவில்லையா என்று நினைத்தபோது கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பைப் பாதிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு கண்ணுலயும் இருக்கு, இடது பக்கம் அதிகம். வலி இருக்காது, அதனால யாருக்கும் சட்டுனு தெரியாது. போனது திரும்ப வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து. சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது."

வெளியே வந்ததும் கணவன் சுவரோரம் நின்றுவிட்டான். "நீ கதவுல இடிச்சுக்கறப்பவெல்லாம் நான் கிண்டல் பண்ணேன்" என்றான்.

"நானே மெஷினைத்தானே திட்டிட்டிருந்தேன். வாங்க, போகலாம்."

வேலையை அவள் விடவில்லை. திரையில் பக்கம் தெரியும் சாளரத்தைச் சுருக்கி வலது மேல்புறமாக இழுத்து வைத்துக்கொண்டாள். கீழே இருந்த பட்டையை மேலே ஏற்றினாள். பின்னணியைக் கறுப்பாக்கினாள். அச்சகக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றார். அதன்பிறகு பெரிய புத்தகங்கள் வேறு யாருக்கோ போயின. துண்டறிக்கைகளும் விசிட்டிங் கார்டுகளும் மட்டும் அவளுக்கு வந்தன. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நேரே பார்த்தால் மங்கலாகத் தெரிகிற கடைசி இடத்தில், டெஸ்க்டாப்பில் ஒரு காலி ஃபோல்டரை வைத்தாள். தினமும் காலையில் அது தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் அன்று பிழைத்தாள். ஐயமாக இருந்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. கணவன் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டான். சொன்னாள்.

அப்புறம் ஒரு காலை, ஃபோல்டர் பளிச்சென்று தெரிந்தது. குதிக்காத குறைதான். சமையலறைக்கு ஓடப் போனவள், ஏதோ உறுத்த, திரும்பி வந்து இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஃபோல்டர் ஒரு கட்டம் உள்ளே தள்ளி இருந்தது.

"ஏங்க, இதைத் தொட்டீங்களா?"

அவன் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான். பொய் சொல்ல வரவில்லை. "நீ சாப்பிடறதே இல்ல. கொஞ்சம் தள்ளி வெச்சா நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன்."

"நிம்மதியா? எனக்கு மிச்சம் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்க இருந்தது இது ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கிட்டீங்களே!"

"அதையே பாத்துப் பாத்து நீ செத்துட்டிருக்கே. நான் எதைப் பாக்கறது?" பற்பசை நுரை வழிய அவன் குரல் உடைந்தது. சிரித்தே பழகிய அந்த முகம் கோணிக்கொண்டு போனதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அவள் உட்கார்ந்தாள். ஃபோல்டரைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தாள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா முதல் தடவை எடுத்த பார்வைப் படத்தையும் இப்போது எடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இப்போதைக்கு அப்படியே நிக்குது."

"இப்போதைக்குன்னா எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"அதை என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றியபடி.

வீட்டுக்கு வந்தார்கள். தையல் கடைக்காரர் ஒருவருடைய விசிட்டிங் கார்டு பாதியில் நின்றிருந்தது. அவள் மெஷினை ஆன் செய்தாள். கணவன் சொட்டு மருந்துக் குப்பியோடு வந்து, தலையை அண்ணாந்து காட்டச் சொன்னான்.