எனக்குக் கீழே எத்தனை பேர்

பதினான்கு பேரைக் காலையில் வட்டமாக நிற்க வைத்தால் ஒருவன் பேசுவதை இன்னொருவன் கேட்க மாட்டான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீடாக இருந்தேன். கம்பெனி அஜைல் முறைக்கு மாறியது. தினமும் நின்றபடி ஒரு கூட்டம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், ஏதாவது தடை உண்டா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கால்மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் ஓடும். பின்னால் நிற்பவன் செல்போனில் பாம்பு கேம் ஆடுவான். அந்தப் பதினான்கிலேயே டெஸ்டிங் ஆட்களுக்கு இடம் மேல்மாடியில். அவர்கள் பிழை கண்டால் எனக்கு மெயில் போடுவார்கள். நான் அதைப் புரோகிராம் எழுதியவனுக்கு அனுப்புவேன். அவன் பதிலை மறுபடி மேலே அனுப்புவேன். லீட் என்று பெயர், பார்த்தது தபால் வேலை.

ஆரணியில் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. நெசவாளிகளுக்குப் பட்டு கொடுத்து, நெய்த சேலையை வாங்கி விற்பவர் அவர். யார் அறிமுகமானாலும் "எத்தினி தறி?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலைப் பொறுத்து நாற்காலி போடுவார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு கீழ பதினாலு பேருங்க" என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்தப் பதினான்கில்தான் என் கல்யாணம் சிக்கியது. வந்தவாசியிலிருந்து ஒரு வரன். ஜாதகம் பொருந்திய பிறகு தரகர் வந்து இழுத்தார்.

"பையன் ஊட்ல ஒண்ணு கேக்குறாங்கண்ணே. அந்தப் பதினாலுல ஆம்பளைங்க எத்தினி?"

"பத்து இருக்கும்."

"அதாண்ணே. பத்து ஆம்பளைய மேய்ச்சிகினு இருக்கற பொண்ணு, வந்தா நம்மளயும் மேய்க்குமோன்னு பையனோட அம்மா பேஜாராவுறாங்க."

அப்பா சிரித்தாராம். அம்மா போனில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது.

அந்த மாதமே குழுவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி மேனேஜரிடம் போனேன். வரனுக்காகப் போகவில்லை. வேலை நடக்கவில்லை, போனேன். ஏழேழு பேர். எழுதுபவனும் டெஸ்ட் செய்பவனும் ஒரே மேசையில். பிழை கண்டால் பக்கத்து நாற்காலியைத் தட்டிச் சொன்னால் போதும். ஆளுக்கொரு கட்டமாக நான் வரைந்து கொண்டுபோன படத்தை அவர் பார்த்தார்.

"நல்லாருக்கு. இதுல லீட் எங்கம்மா?"

லீடுக்குக் கட்டமே இல்லை. வரையும்போது அது எனக்குத் தோன்றவும் இல்லை.

"தேவையில்ல சார்."

"அப்ப நீ?"

"ஏதாவது ஒரு ஏழுல நானும் ஒருத்தி."

அப்படியே செய்தார்கள். பதினான்கில் ஒருவன் வேறு பிராஜெக்டுக்குப் போக, அந்த இடத்தில் நான். நன்றாகவே நடந்தது. கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. என் மேசைக்கு யாரும் வரவில்லை, மெயில் நின்றது. வருத்தமா என்றால் தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. கடித்தாலும் வலிக்காது.

ஊரில் இதை நல்ல சேதி என்றார்கள். தரகர் ஜல்தியாக வந்தவாசிக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்துவிட்டார்கள். "கேட்டா யாரும் இல்லன்னு மட்டும் சொல்லு. வாய வெச்சிகினு சும்மா இரு" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப உனக்குக் கீழ யாரும் இல்லியாமே?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அந்தத் தலவலி? இப்ப உனுக்கு வேல சொல்றது யாரு?"

"யாரும் சொல்றதில்லீங்க. மேனேஜர் இருக்காரு, அவரும் சொல்ல மாட்டாரு. ஏழு பேரும் பேசி முடிவு பண்ணிக்குவோம்."

"அதெப்படிம்மா? ஒருத்தர் சொன்னாத்தான வேல நடக்கும்?"

"ஒருத்தர் சொன்னப்பதாங்க நடக்கல. அந்த ஒருத்தரு நான்தான். ஊட்லயும் பேசித்தான் முடிவு பண்ணணும் எனக்கு."

அப்பா தொண்டையைச் செருமினார். அந்த அம்மா விடவில்லை.

"எங்கூட்ல ஏழு பேரு இல்லம்மா. மூணு பேருதான். நீ வந்தா நாலு."

"சின்ன டீமுங்க. இன்னும் ஈஸி."

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அவன் அம்மா திரும்பிப் பார்த்ததும் கேசரியைக் கிண்டத் தொடங்கினான். சிரித்தது பிடித்திருந்தது. நிறுத்திய வேகத்தையும் பார்த்தேன்.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். வேண்டாம் என்றுவிட்டார்களாம். "எத்தினி பேருன்னு கேட்டா எண்ணிக்கைய சொல்லணும். இவ கத சொல்றா" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து. அம்மா மீந்த கேசரியை டப்பாவில் போட்டு என் பையில் வைத்தாள்.

விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி நேராக ஆபீஸ் போனேன். ஏழு பேரும் நின்றோம். என் முறை வந்தது. வெள்ளிக்கிழமை செய்ததைச் சொன்னேன். இன்று செய்யப்போவதைச் சொன்னேன்.

"தடை ஏதாவது?"

"இல்ல" என்றேன். அடுத்தவன் பேசத் தொடங்கினான்.