சாயப்பட்டறை வாசலில் கவுஸ் பாய்

கவுஸ் பாய் இறந்த செய்தி காலை ஏழரை மணிக்கு எங்கள் ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அவசரத்தில் யாரோ கட்டைவிரலை உயர்த்தியும் வைத்திருந்தார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவர் வீட்டு வாசலில் பெண்களோடு சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். எழுதும் எண்ணம் அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வேகவதி ஆற்றங்கரையில் சாயப்பட்டறை நடத்தும் முதலாளி ஒருவர் எழுந்து, பாயின் படத்துக்கு அரக்கு நிறப் பட்டுத் துண்டு ஒன்றைப் போர்த்தினார். "பாய் எங்க குடும்பத்துல ஒருத்தர். எங்க தொழிலாளிங்கள தன் புள்ளைங்களாட்டம் பாத்துக்கினாரு" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். எனக்குக் குமட்டியது. இருபது வருடமாகச் சளியும் சீழும் சதைத்துண்டும் பார்த்துப் பிழைப்பவள் நான். எளிதில் குமட்டாது.

அந்தத் துண்டைப் போர்த்தியவருக்கும் பாய்க்கும் என்ன உறவு என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாய் எங்கள் மூத்த டெக்னீஷியன். மாதிரியைத் தயார் செய்வது அவர், நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் டாக்டர் நான். ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள், முசரவாக்கத்து ஏகாம்பரம் என்ற சாயத் தொழிலாளி காய்ச்சலுக்குச் சோதனை செய்ய வந்து, சிவந்த சிறுநீரைப் புட்டியில் கொடுத்தார். "ஒண்ணும் இல்லீங்க, இந்த வாரம் அரக்கு போட்டுக்கினு இருக்கோம். கை வழியா ஏறி இப்படி எறங்குது. எங்க பட்டறைல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். அவர் கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. நானும் நம்பினேன். சாயம் கலந்த மாதிரி, கொட்டிவிடுங்கள் என்று பாயிடம் சொன்னேன். படித்த பட்டம் என்னைக் காப்பாற்றவில்லை.

பாய் கொட்டவில்லை. குழாயில் ஊற்றிச் சுழற்றி என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மேலே தெளிந்த மஞ்சள் நீர். அடியில் சிவப்பு வண்டல்.

"சாயம்னா தண்ணி மொத்தமும் செவப்பா நிக்கும் மேடம். ரத்தம்னாதான் அடியில உக்காரும்."

அந்த வண்டலைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்களுக்கு நடுவே மூத்திரப்பையின் உள்தோலிலிருந்து உதிர்ந்த செல்கள். அவற்றின் கரு அளவுக்கு மீறிப் பெருத்து, கருத்து, ஓரம் கோணியிருந்தது. புற்று என்று பலமாகச் சந்தேகிக்கும் செல்கள். அறிக்கை எழுதி, உடனே மருத்துவமனையில் மூத்திரப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஏகாம்பரத்துக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் போகவில்லை. போனில் கேட்டால், "மொதலாளி சாயம்னு சொல்லிட்டாருங்க. அவரு முப்பது வருசமா தொழில் பாக்கறாரு" என்றார். முப்பது வருடத்தில் அந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை துண்டு போர்த்திய அதே மனிதர், ஒருநாளும் சாயத் தொட்டியில் கை விட்டதில்லை.

ஆய்வகத்தின் ஒரு மூலையில், மின்சாரம் இல்லாத நாட்களுக்கென்று கைப்பிடி வைத்த பழைய சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று கிடந்தது. மேசை விளிம்பில் திருகி மாட்டி, கையால் சுற்றினால் குழாய்கள் சுழன்று வண்டல் அடியில் இறங்கும். பாய் அதைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டார். என்னையும் கூப்பிட்டார். ஏன் போனேன் என்று தெரியவில்லை. காலை ஒன்பது மணி. படுக்கையிலிருந்து எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் செல்கள் சிதைந்திருக்கும், இரண்டாவதுதான் உதவும், அதனால் அந்த நேரம். கொதிக்கும் சாயத்தின் நெடி வாசலிலேயே தொண்டையைப் பிடித்தது.

"இன்னா பாய், பிரியாணி தேக்சா தூக்கிக்கினு வருவன்னு பாத்தா, மூத்திரம் புடிக்கப் புட்டி தூக்கிக்கினு வந்துகிற!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"பிரியாணி அடுத்த வாரம்பா. மொதல்ல ஏகாம்பரம் ஒரு புட்டி குடுக்கட்டும்" என்றார் பாய், வாசல் பெஞ்சில் இயந்திரத்தைத் திருகியபடியே.

ஒரு குழாயில் தொட்டியிலிருந்து எடுத்து நீர் கலந்த அரக்குச் சாயம். இன்னொன்றில் ஏகாம்பரத்தின் சிறுநீர். பாய் சுற்றினார். அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சாயக் குழாய் முழுவதும் அப்படியே சிவந்து நின்றது. மற்றதில் மேலே தெளிவு, அடியில் ரத்தம். ஏகாம்பரம் குழாயைக் கையில் வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி சுற்றச் சொன்னார். மறுபடியும் அப்படியே உட்கார்ந்தது.

"அப்போ இது என்னுதா பாய்?"

"உன்னுதுதாம்பா. இன்னைக்கே கெளம்பு."

மூத்திரப்பையில் கட்டி இருந்தது. ஆரம்ப நிலை. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். சாயம்தான் காரணம் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏகாம்பரம் பீடியும் குடிப்பவர். பாயும் அப்படிச் சொன்னதில்லை. ரத்தத்தைச் சாயம் என்று சொல்லாதீர்கள் என்பது மட்டும்தான் அவர் சொன்னது.

முதலாளிக்கு அதுவே பொறுக்கவில்லை. நோயாளியை வைத்து வேலை வாங்க முடியாது என்று ஏகாம்பரத்தை நிறுத்தினார். பாய் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார். எங்கள் நிர்வாகத்துக்குப் புகார் வந்தது. நிர்வாகம் என்னைக் கேட்டது. நான் பாயைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் விட்டுடுங்களேன்" என்றேன். முதலாளியைப் பற்றி எழுதும்போது வரும் அருவருப்பு, இந்த வரியை எழுதும்போதும் குறையவில்லை.

பாய் கோபப்படவில்லை. "மூத்திரத்துக்கு யாரும் லஞ்சம் குடுக்கல மேடம். அதான் அது உண்மைய சொல்லுது" என்று சிரித்தார். வியாழக்கிழமைதோறும் தன் வார விடுமுறையில், பட்டறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார். புட்டிகள் அங்கே வந்தன. எனக்குத் தெரியும். தெரியாததுபோல அந்தத் தகடுகளைப் படித்துக் கொடுத்தேன்.

கூட்டத்தன்று ஏகாம்பரம் கடைசி வரிசையில் இருந்தார். இப்போது கல்யாண மண்டபம் ஒன்றில் காவல் வேலை. பேசச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மறுநாள் ஒன்பதரைக்கு ஆய்வகம் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான். ஆனால் கையில் இரண்டு புட்டிகள்.

"இது என்னுது. இது இப்போ பட்டறைல கீற ஒரு பையனுது. முப்பது வயசுகூட ஆவல. மொதலாளி சாயம்னு சொல்லிட்டாராம். பாய் இல்லியே, யாராண்ட குடுக்கறதுன்னு என்னாண்ட குடுத்தான்."

மின்சாரம் இருந்தது. ஆனாலும் பாயின் மேசையடியில் இருந்த அந்த இயந்திரத்தை எடுத்து மாட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஆறு வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. கைப்பிடி அவர் கைப்பட்டு வழவழப்பாக இருந்தது. தோள் வலிக்கும்வரை சுற்றினேன். ஏகாம்பரத்தின் குழாய் சுத்தமாக இருந்தது. மற்றதில் மேலே தெளிந்த நீர். அடியில் சிவப்பு.

அந்தப் பட்டுத் துண்டை என்ன செய்வது என்று பாயின் மகள் கேட்டாள். திருப்பி அனுப்பச் சொன்னேன். பாயின் நினைவாக எனக்கு வேறெதுவும் வேண்டாம், இந்த இயந்திரம் போதும். நிர்வாகத்துக்கும் சொல்லிவிட்டேன்: வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த டீக்கடையில் இருப்பேன். சாய நெடி எனக்கு இன்னும் பழகவில்லை.