ஐந்தாவது துணுக்கு

ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குகளை உதடசைத்து எண்ணுகிறார் டாக்டர். ஐந்து. கூட வந்த சீட்டிலும் ஐந்து. அதற்குப் பிறகுதான் மைக்ராஸ்கோப். பார்த்து முடித்ததும், "இன்னொரு தடவை பாத்துருவோம்" என்பார். ஆய்வகத்தில் அதுவே அவருக்குப் பட்டப்பெயர். காதில் விழுந்தால் சிரித்துக்கொள்வார்.

திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர். சட்டைப்பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதாது. கையெழுத்துப் போட டெக்னீஷியன் அம்மாவிடம்தான் கை நீட்டுவார். முகம் பார்க்காத வேலை என்பதால்தான் இதற்கு வந்தாராம்: "எனக்குக் கண்ணாடித் துண்டுதான் நோயாளி."

எண்ணும் பழக்கம் மூன்று மாதமாகத்தான். போன வருடம் ஒரு தையல்காரரின் சிறுகுடலிலிருந்து ஐந்து துணுக்குகள் வந்தன. நான்கைப் பார்த்தார், வெறும் அழற்சி. லேபிள் ஓரத்தில் கிடந்த ஐந்தாவதும் அப்படித்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். தையல்காரர் எட்டு மாதம் வயிற்றுவலி மாத்திரை விழுங்கிப் பாதி ஆளானார். மறுபடி எடுத்த பயாப்சியில் லிம்ஃபோமா என்ற புற்றுநோய். குடலில் அபூர்வமாக வரும் வகை. கண்டுபிடித்தவரும் இவரே. மருத்துவமனையே மெச்சியது. அன்று மாலை பழைய ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஐந்தாவது துணுக்கில் நோய் அப்போதே இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்லைடு மேசை இழுப்பறைக்குள் போனது.

தையல்காரருக்கு நோய் அதற்குள் பரவிவிட்டது. மருந்து ஏற்றுகிறார்கள், பிழைப்பது பாதிக்குப் பாதி.

நேற்று தையல்காரர் கதவைத் தட்டினார். தலையில் முடியில்லை, கையில் அவரே தைத்த ஒரு வெள்ளைக் கோட்டு. டெக்னீஷியன் அம்மாவிடம் டாக்டரின் பழைய கோட்டை வாங்கி அளவெடுத்தாராம்.

"நீங்க கண்டுபிடிக்கலைன்னா நான் போய்ச் சேந்திருப்பேன் டாக்டர். போட்டுப் பாருங்க."

டாக்டர் ஒரு கையை நுழைத்தார். கச்சிதமாக இருந்தது. அவமானத்தில் காது மடல் வரை சூடேறியது. மறு கையை நுழைக்க முடியவில்லை. கழற்றிவிட்டு, இழுப்பறையைத் திறந்து பழைய ஸ்லைடை எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஓரத்துத் துணுக்கை நடுவுக்கு நகர்த்தினார்.

"உக்காருங்க. இது போன வருஷம் உங்க குடல்லேருந்து எடுத்தது. நான் பாக்காம விட்டுட்டேன்."

தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். கோட்டை மடித்து அவர் மடியில் திருப்பி வைத்துவிட்டு, எதிரில் கைகட்டி நின்றார்.