தலைவர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில்

குடிமையியல் பாடம் பிள்ளைகளுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் என் ஆய்வு. இன்று அரூர் பக்கம் ஓர் ஒன்பதாம் வகுப்பில் வினாத்தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

தருமபுரி பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டினேன்.

‘உங்கள் ஊராட்சித் தலைவர் யார்?’

தேர்தலில் ஜெயித்தவர் ஒரு பெண். வகுப்பே அவருடைய கணவர் பெயரை எழுதியிருந்தது. ஒரு மாணவி மட்டும் அந்த அம்மாவின் பெயரை எழுதி, “கையெழுத்து இவங்க. சேரில் உட்காருவது வீட்டுக்காரர்” என்று சேர்த்திருந்தாள்.

பரீட்சைப் பழக்கத்தில் மேலே தன் பெயரையும் எழுதிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். “எங்க ஊரு பள்ளிக்கூடமாச்சேங்க! தலைவரு எங்கண்ணந்தாங்க. எலெக்‌ஷன்ல அண்ணி நின்னாங்க.”

மாணவியின் பெயர் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

“யாரு வூட்டுப் புள்ளைங்க இது? வெரல எடுங்க டீச்சர், பாக்கறேன்.” சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். “ஒரு போட்டோ புடிச்சிக்கறேன். அண்ணன் பாத்தா சிரிப்பாரு.”

தாளை மடித்துக்கொண்டு வழியில் மொரப்பூரிலேயே இறங்கிவிட்டேன். பெயரைக் கிழித்தெறிந்தேன். விரல் வைப்பதற்கு முன்பே அவர் படித்துவிட்டாரா என்று தெரியவில்லை. நாளைக்கு அவள் பள்ளிக்குப் போக வேண்டும்.

பாடப்புத்தகத்தில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. உங்கள் ஊரில் இதற்கு எத்தனை மதிப்பெண்?