கட்டில் மரத்தில் செய்த பீடம்

பல்செட்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அவருக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவுக் கரைசலை ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை அடுக்கி, முழு செட்டாகத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி; முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது. "யாரோ மெல்ல முடியாம தவிக்கிறதாலதான் நான் மென்னு சாப்பிடுறேன்" என்று சொல்லிச் சிரிப்பார், எதிரில் சிரிக்க ஆள் இருந்தால். லேப் என்று அவர் சொல்லுவது ஒரு கட்டடத்தின் பின்பக்கத்து அறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு குழாய். பல நாள் அங்கே கதவைத் திறந்து மூடுவது அவர் ஒருவர்தான்.

வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டிருந்தது. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி விமானம் ஏறினாள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது, தவழ்ந்தது, நடந்தது, பிறகு அதற்கு ஒரு தம்பியும் பிறந்தான். அவள் அங்கேயே இருந்தாள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால், "பேரப் பிள்ளைங்களோட இருக்கா" என்பார். அது உண்மைதான். ஆனாலும் சொல்லி முடித்ததும் பொய் சொன்ன மாதிரி வாய் வறண்டு போகும்.

அவளுடைய அப்பா சேர்த்த இசைத்தட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறையப் பரணில் இருந்தன. கல்யாணமான புதிதில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு பிளேயர். "பாக்கலாம்" என்றார். அவர் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்பது போகப் போக அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவள் கேட்கவில்லை. பெட்டியை மட்டும் தூசி தட்டி வைப்பாள்.

லேப்புக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடையைக் காலி செய்துகொண்டு மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்த ரேடியோக்காரர், ஒருநாள் கை நிறைய எதையோ தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் வைத்தார். தட்டு சுழலும் வட்டம், அடியில் மோட்டார், ஓரத்தில் ஊசி பொருத்திய கை. அவ்வளவுதான். பெட்டி இல்லை.

"அண்ணே, இத நீங்க வச்சுக்குங்க. மோட்டார் தங்கம். பெட்டிதான் செல்லரிச்சுப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

"பெட்டி இல்லாம இத வச்சு என்ன பண்றது?"

"ஒண்ணு செஞ்சுக்குங்க. ஊருக்கெல்லாம் பல்லு செய்றவர் நீங்க. இதுக்கு ஒரு உடம்பு செய்ய மாட்டீங்களா?"

பாக்கலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகையில் ஒரு ஒட்டுப்பலகை வாங்கிக்கொண்டு போனார். அவராலேயே அதை நம்ப முடியவில்லை.

முதல் பெட்டியைப் பலகையை வெட்டி ஆணி அடித்து அவரே செய்தார். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. ரேடியோக்காரர் வந்து ஒரு ஸ்பீக்கரை இணைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் பாட்டுக்கு முன்னால் மோட்டார் பாடியது. ம்ம்ம் என்று ஒரே முழக்கம். அறையில் இரண்டு எட்டு வைத்தால் ஊசி துள்ளிப் பாட்டு பாதியில் எங்கோ போய் விழுந்தது. ஒற்றை ஆள் வீட்டில் நடப்பதும் அவர்தான், கேட்பதும் அவர்தான். அசையாமல் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

"உள்ள காலியா இருக்குல்ல, அதான் மத்தளம் மாதிரி முழங்குது" என்றார் ரேடியோக்காரர். "கெட்டியா, கனமா ஒரு மரக்கட்டையில குடைஞ்சு உக்கார வைங்க. அப்ப அது வாயை மூடிக்கும்." அவர் சொன்ன கடைசி யோசனை அது. அந்த வாரமே கடைக்கு வேறு பூட்டு தொங்கியது.

மரக்கடையில் இருந்தவை எல்லாம் ஈரம் காயாத புது மரம். நாள் போனால் முறுக்கிக்கொள்ளும் என்று கடைக்காரரே கை விரித்தார். "பழைய மரம் வீட்ல ஏதாவது கெடந்தா பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வழக்கம்போல் போன் செய்தாள். சாப்பிட்டீர்களா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"இங்கேயே நிரந்தரமா இருக்கிற மாதிரி எழுதிப் போட்டுடலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு."

"ம்."

"நீங்களும் வந்துட்டீங்கன்னா ஒரே வேலையா முடிஞ்சுடும்."

"பாக்கலாம்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு அழுதது. அவள் போய்விட்டாள்.

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். அவள் போனதிலிருந்து அவர் படுப்பது ஹாலில் உள்ள சோபாவில்தான். கட்டில் மேல் சலவைத் துணி, பழைய பேப்பர், மழைக்கோட்டு என்று எல்லாம் குவிந்திருந்தன. அவர்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் சாமான் அந்தக் கட்டில். வாசலில் நுழையாமல் அடம் பிடித்து, காலைக் கழற்றி, சாய்த்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவருவதற்குள் சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. குவியலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பக்கச் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று இல்லை, தொம் என்று அடங்கிய சத்தம். நன்றாக ஊறிக் காய்ந்த மரம்.

பக்கச் சட்டங்களை மட்டும் எடுப்போம், தலைமாடும் காலும் அப்படியே இருக்கட்டும், வேண்டும் என்றால் வேறு சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோபத்தில் செய்தீரா என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. திருகாணிகள் கையோடு வந்துவிட்டன. யாரோ கழற்றட்டும் என்று காத்திருந்த மாதிரி.

மரப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, தச்சர் சட்டத்தைக் கையில் வாங்கியதுமே புருவத்தை உயர்த்தினார். "அருமையான மரமாச்சே. நல்ல கட்டிலை ஏன் பிரிச்சீங்க?"

"ரொம்பப் பெருசா இருக்கு."

"வீட்ல ஒண்ணும் சொல்லலியா?"

"வீட்ல சரின்னுட்டாங்க."

பட்டறையில் ஒரு மூலையை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார் தச்சர். சட்டங்களைத் துண்டு போட்டு இழைத்து, பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கி, கனமான ஒரே கட்டையாக ஆக்கியது தச்சர் வேலை. குடைவது பல்செட்காரர் வேலை. மோட்டாரும் நெம்புகோல்களும் கோணல்மாணலாகத் துருத்திக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அடிப்பக்கத்துக்கு அளவு எடுப்பது எப்படி? அவருக்கு அது ஒரு வாய்தான். கவிழ்த்து வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மாவைக் குழைத்துப் பூசி, அச்சு எடுத்துவிட்டார். தச்சர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "இத்தனை வருஷம் நான் ஸ்கேலை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டினேனே" என்றார்.

அச்சைப் பார்த்து ஒரு தாளில் குழிகளை வரைந்து, தாளை மரத்தில் ஒட்டி, உளியும் சுத்தியுமாக ஒரு வாரச் சாயங்காலங்களை அதில் போட்டார். குடைந்து முடித்து இயந்திரத்தை உட்கார வைத்தால் உட்காரவில்லை. ஊசிக் கைக்கான குழி இடப்பக்கம் இருந்தது. தாளைத் திருப்பி ஒட்டியிருக்கிறார். இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கம் வைத்ததாக ஒரு வைத்தியரும் அவரைக் குறை சொன்னது கிடையாது. மறுபக்கம் வரை துளைத்திருந்தாலாவது கட்டையைக் கவிழ்த்துப் போட்டுச் சமாளித்திருக்கலாம். இவை பாதி ஆழத்துக் குழிகள்.

தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, நான் உங்ககிட்ட பல்லு கட்டிக்கல!"

அவரும் சிரித்தார். அத்தனை சத்தமாகத் தன் குரலைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் தச்சர், "வேற மரம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. தலைமாட்டுப் பலகை. அதைக் கொண்டுபோய்விட்டால் மிச்சம் இருப்பது கட்டில் ஆகாது என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் லேப்பில் அவருக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

இந்த முறை பீடம் சொன்ன பேச்சைக் கேட்டது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கச் செம்பழுப்பு ரேகைகள் மேலே வந்தன. அச்செடுக்கும் ரப்பரை வார்த்து நான்கு குட்டிக் கால் செய்து அடியில் ஒட்டினார். ஹாலில் வைத்து, ரசமட்டம் பார்த்து, ஒரு தட்டைப் போட்டார். மோட்டார் வாயைத் திறக்கவில்லை. பாடுகிறவள் அடுத்த வரிக்கு மூச்சை இழுப்பது கேட்டது. நடந்து பார்த்தார். குதித்தும் பார்த்தார். ஊசி அசையவில்லை.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது. ரேடியோக்காரர் எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்றது. தச்சரைக் கூப்பிட்டால் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாராம். கீழே போய் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் சொன்னார். "நல்லதுங்க சார்" என்று அவர் கேட்டைத் திறந்துவிட்டார், வெளியே கிளம்புகிறார் போல என்று நினைத்து. மனைவியிடம் சொல்லலாம்தான். பாட்டைச் சொன்னால் மரத்தையும் சொல்ல வேண்டும்.

அப்படி இருக்கையில்தான் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேலையாக அவள் வருவதாகத் தகவல் வந்தது. புதுக் கட்டில் பார்க்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். எதைப் பார்த்தாலும் தலைமாடு சரியில்லை, கால் சரியில்லை. கடைசியில் மெத்தையைத் தரையில் விரித்து, புது விரிப்புப் போட்டு வைத்தார்.

அவள் வந்து கைப்பையை வைக்கப் படுக்கையறைக்குள் போனாள்.

"என்னங்க, கட்டில் எங்க?"

அவர் ஹாலைக் காட்டினார். அவள் பீடத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அடையாளம் தெரிய நேரம் ஆகவில்லை. பக்கவாட்டில் பழைய திருகாணி இருந்த ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார்.

"அப்ப நான் திரும்பி வரவே மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன?"

அவர் தட்டை எடுத்துப் போட்டார். பாட்டு வந்தது. அவள் சோபா நுனியில் உட்கார்ந்து தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். கண் கலங்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். கலங்கவில்லை.

"எங்க அப்பா வீட்ல கேட்டது மாதிரி இல்லியே" என்றாள். "அங்க கரகரன்னு இருக்கும். பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் சேர்ந்து இருக்கும். இது ரொம்பச் சுத்தமா இருக்கு."

பிறகு, "நீங்களும் பொண்ணு வீட்டுக்கே வந்துடுங்க. இந்த வீட்ல ஒண்டியா எதுக்கு?" என்று கேட்டாள்.

"வரமாட்டேன்" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வருத்தம் இருந்தது. கூடவே, வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தவளுக்கு யாரோ நாற்காலி போட்ட மாதிரி ஒரு ஆசுவாசமும் இருந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானும் மாசா மாசம் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு எழுந்து போய்ச் சமையலறை அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இருந்த நாட்களில் இருவரும் நன்றாகவே இருந்தார்கள். தரையில் படுத்தால் இடுப்பு போய்விடும் என்று அவளே கடைக்குப் போய் அவருக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். ஒற்றைக் கட்டில். அதில் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு அவர் கீழே மெத்தையில் படுத்துக்கொண்டார். மதியத் தூக்கத்துக்கு முன் அப்படியே மேலும் கீழுமாகப் பேரப் பிள்ளைகளின் கதை பேசினார்கள். தட்டுகளை எடுத்துப் போகிறாயா என்று கேட்டதற்கு, "பெட்டி கனம். இங்கேயே பாடட்டும்" என்றாள். விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாள். அவர் சந்தோஷமாகப் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"ஒண்ணுமே புரியல, ஒரே இரைச்சலா இருக்கு" என்றாள். "சின்னவன் கூப்பிடுறான். அப்புறம் பேசுறேன்."

அவர் போனை வைத்துவிட்டு, சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டு மிச்சம் இருந்தது.