ஜன்னலைச் சாத்திக்கொண்டு பெயிண்ட் அடித்தேன்

தச்சநல்லூரில் தனியாக இருக்கிறேன். பெரிய லீவுக்குப் பேத்தியை அழைத்து வருவதாகப் பம்பாயிலிருந்து மகன் சொல்லியிருந்தான். அவள் படிக்க முன்பு வாங்கிப்போட்ட மலிவான மைக்கா மேசை வெளிறிக் கிடந்தது. நீலம் அடித்து வைக்கலாம் என்று தோன்றியது.

கடையில் சொன்னபடி உப்புத்தாளால் தேய்த்து, டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தேன். இந்த வயதில் இவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தெருவில் பேசக்கூடாதே. அதனால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டேன். அடித்து முடிக்கையில் பொழுது அடைந்துவிட்டது. அந்தி விளக்கு தவறியதே இல்லை. தலை கிறுகிறுத்தாலும் எழுந்து, அதே அறையில் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பக்கத்து வீட்டுக் கோமதி.

“என்ன ஆச்சி செய்யுதிய? எங்க அடுக்களை வரைக்கும் வாடை அடிக்கு.”

“ஒண்ணுமில்ல. வெளக்குப் பொருத்தப் போறேன்.”

“மொதல்ல தீப்பெட்டியக் கீழ வையுங்க. குச்சியக் கிழிச்சா வீடே பத்திக்கிடும்.”

அவளே ஜன்னல்களைத் திறந்தாள். துணியை முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

“என்னைய ஒரு குரல் கூப்பிட்டா என்ன? உங்க கௌரவம் கொறஞ்சா போயிரும்?”

அப்போதுதான் தீப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

பேத்திக்கு ஏதோ வகுப்பாம், அந்த லீவுக்கு வரவில்லை.

இப்போது பெயிண்ட் வேலை என்றால் முற்றத்தில்தான். வாடை போகும்வரை விளக்கேற்றுவதும் இல்லை, சாமி பொறுத்துக்கொள்ளும். பகலில் கதவைச் சாத்துவதையும் விட்டுவிட்டேன். அந்தியில் கோமதி எட்டிப் பார்த்து, “இருக்கியளா ஆச்சி?” என்று கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்வதற்காகவே முன்னறையில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.